நைனாவோட கைநாட்டுக்கு சாட்சி நின்னவங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். நான் குடியாத்தம் பக்கம். ஊர் பேரு, தம்பி பேரு, ஸ்டேஷன் பேரு எதையும் இங்க எழுதல, ஏன்னா கேஸ் நடந்துக்கினு இருக்கு, சாட்சி சொல்லப்போறவங்க எல்லாம் அதே பஜார்லதான் கடை வெச்சிக்கினு, அதே ரோட்லதான் போய்க்கினு வந்துக்கினு இருக்காங்க. நன்றி சொல்றப்ப கூட பேரு சொல்ல முடியலயேன்னு மனசு அடிச்சிக்குது. ஆனா படிக்கும்போது இது நம்மளத்தான் சொல்றாடான்னு அவங்கவங்களுக்குத் தெரிஞ்சிடும்.

விஷயம் தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். மூணு வருஷம் முன்னாடி என் தம்பிய பைக் திருட்டு விசாரணைன்னு கூப்ட்டாங்க. வயசு 24, லுங்கி தறி ஓட்டிக்கினு இருந்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு அவன் காலாலதான் நடந்து போனான். விடிகாலை நாலு மணிக்கு போன் வந்துச்சி, நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு. ஓடிப்போய் பாத்தா மார்ச்சுவரி. அதுக்கு மேல அத எழுத எனக்கு கை வரல.

போன வாரம் சிபிசிஐடி (மாநில போலீஸ்லயே இருக்கற தனி விசாரணைப் பிரிவு) சார்ஜ் ஷீட் போட்டு நகல் எங்க கைக்கு வந்துச்சி. கொலைன்னு போட்டிருக்கு. மொதல்ல போட்ட எஃப்ஐஆர்ல "விசாரணையின்போது மயங்கி விழுந்து" ன்னுதான் இருந்துச்சி, எழுதுனது அதே ஸ்டேஷன். அந்த மயக்கம் கொலைன்னு மாற எத்தன பேரு நின்னாங்கன்னு எனக்குத்தான் தெரியும்.

மொதல்ல வக்கீல் அக்கா. அன்னிக்கு காலைல ஏழு மணிக்கெல்லாம் சத்துவாச்சாரில இருந்து ஸ்கூட்டில வந்துட்டீங்க, யாரோ ஒரு வாத்தியார் போன் பண்ணி சொன்னாருன்னு. நாங்க உங்கள அதுக்கு முன்னாடி பாத்தது கூட கிடையாது. அந்நேரத்துக்கு அங்க எல்லாமே ரெடியா இருந்துச்சி, ஆம்புலன்ஸ் நிக்குது, காரியத்துக்குன்னு ஒரு கவர்ல பணம், யார் மேலயும் சந்தேகம் இல்லன்னு டைப் பண்ண பேப்பர். வெயில் ஏறுனா பாடி தாங்காது, சீக்கிரம் எடுத்துடுங்கன்னு நல்லவங்க மாதிரியே பேசுனாங்க. எங்க மாமா பேனாவ கையில எடுத்துட்டாரு. நீங்க வந்து அந்த பேனாவ வாங்கி உங்க பையில போட்டுக்கினீங்க, ஒரு வார்த்தை சத்தமா பேசல. "கையெழுத்து போடாதீங்க, பாடிய வாங்காதீங்க, மீதிய நான் பாத்துக்கறேன்" இவ்ளோதான்.

அம்மா ஒத்துக்கல. போனவன் போய்ட்டான், இருக்கற பொண்ணயாவது காப்பாத்திக்கணும், வுட்ருங்கன்னு அழுதாங்க. அப்போ நீங்க தரையில அம்மா பக்கத்துல உக்காந்து ஒரிசாவுல ஒரு அம்மாவோட கதைய சொன்னீங்க. நீலாவதி பெஹராவாம். 1987 டிசம்பர்ல அவங்க 22 வயசு பையன போலீஸ் கூட்டிக்கினு போச்சாம், மறுநாள் ரயில் தண்டவாளத்துல பொணமா கெடந்தானாம். தப்பிச்சி ஓடி ரயில்ல அடிபட்டுட்டான்னு சொன்னாங்களாம். அந்த அம்மா சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு லெட்டர் போட்டாங்க, கோர்ட் அந்த லெட்டரையே வழக்கா எடுத்துக்கினு 1993ல ஒன்றரை லட்சம் நஷ்டஈடு குடுக்கச் சொல்லி தீர்ப்பு சொல்ச்சி. எங்கம்மா பணத்த பத்தி கேக்கல. "அந்தம்மா படிச்சவங்களா" ன்னு மட்டும் கேட்டாங்க. அதுக்கப்புறம் கண்ண தொடச்சிக்கினு, சரி எழுதும்மா நான் கை வெக்கறேன்னாங்க.

மனு எழுதுனது அக்காவோட போன்ல. பிரிண்ட் எடுக்க எதிர்ல ஜெராக்ஸ் கடை தம்பி எட்டு மணிக்கே ஷட்டர் தூக்குனான். கலெக்டருக்கு, மாஜிஸ்ட்ரேட்டுக்கு, மனித உரிமை கமிஷனுக்குன்னு செட்டு செட்டா எடுத்தோம், காசு வாங்கல. பீரோவுல இப்பவும் ஒரு காப்பி வெச்சிருக்கேன். கஸ்டடில ஒருத்தர் செத்தா வருவாய்த்துறை ஆர்டிஓ பாத்தா பத்தாது, ஜுடிசியல் மாஜிஸ்ட்ரேட்தான் விசாரிக்கணும்னு சட்டம் இருக்கறதே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 176 (1ஏ) ன்னு 2005ல கொண்டு வந்து 2006லேந்து நடைமுறையில இருக்குதாம், 2024 ஜூலைலேந்து புது சட்டத்துல 196ன்னு நம்பர் மாறிடுச்சி. மதுரை ஹைகோர்ட் கிளை 2020ல போட்ட உத்தரவையும் அக்கா மனுவுல சேத்தாங்க. போஸ்ட்மார்ட்டத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் சொந்தக்காரங்க பாடிய பாக்கலாம், போட்டோ வீடியோ எடுக்கலாம், ஒடம்பு முழுக்க எக்ஸ்ரே எடுக்கணும், ஃபாரன்சிக் படிச்ச ரெண்டு டாக்டருங்க செய்யணும், கோர்ட்டுக்குப் போறோம்னு எழுதிக்குடுத்தா 48 மணி நேரம் மார்ச்சுவரில வெச்சிருக்கணும். இதெல்லாம் தெரியாம எத்தன பேரு கையெழுத்து போட்டு பாடிய வாங்கிக்கினு போயிருப்பாங்க, நெனச்சாலே வயிறு எரியுது.

உள்ள போய் பாக்கறதுக்கு முன்னாடி ஜெராக்ஸ் கடை தம்பி ஒரு ஸ்கேல் குடுத்தான், ஸ்கூல் புள்ளைங்க வெச்சிக்கற பிளாஸ்டிக் ஸ்கேல். காயத்துக்கு பக்கத்துல இத வெச்சி போட்டோ எடு, அளவு தெரியணும்னு அக்கா சொன்னாங்க. நான்தான் எடுத்தேன். தம்பியோட முதுகுல ரெண்டு ரெண்டா செவப்பு கோடு, நடுவுல வெளுப்பா ஒரு சந்து, தண்டவாளம் மாதிரி. எனக்கு அப்போ அது என்னான்னு புரியல. லட்டி விழற எடத்துல ரத்தம் ரெண்டு பக்கமும் ஒதுங்கிடும், அதனால அடி பட்ட எடம் வெளுத்து ஓரம் ரெண்டும் செவக்கும்னு பின்னாடி டாக்டரம்மா மாஜிஸ்ட்ரேட் முன்னாடி சொன்னப்பதான் தெரிஞ்சிது. கீழ வுழுந்தா அப்படி கோடு வராது.

டாக்டரம்மா, உங்ககிட்ட நான் இதுவரைக்கும் ஒரு வார்த்தை கூட பேசுனது இல்ல, பேசவும் கூடாதுன்னு அக்கா சொல்லிட்டாங்க. உள்ளங்கால்ல வெளிய ஒண்ணுமே தெரியல, தோல் நல்லாதான் இருந்துச்சி. நீங்க அத கீறி பாத்து உள்ள ரத்தம் கட்டிக்கினு இருந்தத ரெண்டு கால்லயும் அளந்து எழுதுனீங்க. பாக்காம வுட்டிருந்தா யாரும் உங்கள கேட்டிருக்க மாட்டாங்க. நெஞ்சுவலில செத்தவனுக்கு பாதத்துல ஏன் ரத்தம் கட்டணும்னு மாஜிஸ்ட்ரேட் கேட்ட கேள்விக்கு அங்க யார்கிட்டயும் பதில் இல்ல. அந்த ஒரு பக்கம் இல்லன்னா எங்க கேஸே இல்ல. மார்ச்சுவரில வேல பாக்கற அண்ணன், வீடியோ கேமரா வர்ற வரைக்கும் டேபிளாண்ட யாரையும் வுடாம கதவுல நின்னீங்களே, உங்களயும் மறக்கல.

அடுத்து ஹார்டுவேர் கடை பாய். ஸ்டேஷன் கேமராவுல பதிவு எங்கன்னு கேட்டா ஹார்ட் டிஸ்க் ரிப்பேர்னாங்க. 2020 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட், எல்லா ஸ்டேஷன்லயும் கேமரா இருக்கணும், 18 மாச பதிவு வெச்சிருக்கணும், முடியலன்னா ஒரு வருஷமாவது வெக்கணும்னு சொல்லியிருக்கு. அதே 2020 ஜூன்ல நடந்த சாத்தான்குளம் கேஸ்ல, அப்பாவும் புள்ளையும் செத்ததுல, பதிவு அன்னன்னிக்கி தானா அழியற மாதிரி செட் பண்ணியிருந்தத விசாரிக்கப் போன மாஜிஸ்ட்ரேட்தான் கண்டு எழுதுனாரு. எங்களுக்கு பாய் கடை கேமராதான் கண்ணு. ஸ்டேஷன் வாசல் நேரா தெரியும். கேட்டதும் பென்டிரைவ்ல போட்டுக் குடுத்ததோட வுடாம, "என் கேமரா கடிகாரம் 11 நிமிஷம் ஃபாஸ்ட்டும்மா, அதயும் எழுதி வெச்சிக்கோ, இல்லன்னா நாளைக்கு பொய்யின்னுடுவாங்க" ன்னு சொன்னாரு. கேமரா பதிவாகற டிவிஆர் பொட்டியையே கோர்ட்ல ஒப்படைச்சிட்டு ரெண்டு மாசம் கேமரா இல்லாம கடை நடத்துனாரு. அதுக்கப்புறம் அவருக்கு வந்த தொல்லைய எல்லாம் இங்க எழுதக்கூடாதுன்னு அவரே சொல்லிட்டாரு.

இப்ப எங்கப்பா, நைனா விஷயம். 1996ல சுப்ரீம் கோர்ட் டி.கே. பாசு வழக்குல 11 கட்டளை போட்டுச்சி, அதுவும் 1986ல ஒருத்தரு தலைமை நீதிபதிக்குப் போட்ட லெட்டர்ல ஆரம்பிச்சதுதான். அரெஸ்ட் பண்ணா மெமோ எழுதணும், தேதி நேரம் இருக்கணும், வூட்டு ஆளுங்களோ ஊர்ல மதிப்பா இருக்கறவங்களோ சாட்சி கையெழுத்து போடணும். தம்பிக்கும் மெமோ இருந்துச்சி. ஆறு மணிக்கே நடந்து போனவன ராத்திரி ஒம்போதரைக்கு பஸ் ஸ்டாண்டுல புடிச்சதா எழுதி, சாட்சின்னு எங்க நைனா பேர்ல அழகா ஒரு தமிழ் கையெழுத்து. மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல அத நைனா கையில குடுத்து இது உங்க கையெழுத்தான்னு கேட்டாங்க. நைனா அத தலைகீழா புடிச்சிக்கினு ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் கட்டைவிரல தூக்கி காட்டுனாரு. எங்க நைனாவுக்கு எழுதத் தெரியாது சார், கைநாட்டுதான். எனக்கு அந்த நிமிஷத்துல அழுகையும் ஆத்திரமும் ஒண்ணா வந்துச்சி.

ஆனா வாயால சொன்னா போதாது, நிரூபிக்கணும்னாங்க. அதுக்கு பேங்க்ல கவுண்ட்டர்ல இருக்கற அண்ணனுக்கு நன்றி. நைனாவோட கணக்கு ஆரம்பத்துலேந்தே கைநாட்டு கணக்குதான்னு கோர்ட் கேட்டதும் ரெண்டே நாள்ல லெட்டர் குடுத்தீங்க, பழைய வித்ட்ராயல் ஸ்லிப்பெல்லாம் தேடி எடுத்து கட்டி அனுப்புனீங்க. லெட்டர வாங்க வந்தப்போ நைனாவுக்கு சேர் போட்டு டீ வாங்கிக் குடுத்தீங்களே, அத அவரு இன்னும் சொல்லிக்கினு இருக்காரு.

பூக்கார அக்கா. ஸ்டேஷன் பக்கத்துல பூ கட்டி விக்கறவங்க நீங்க. தம்பி உள்ள போறப்ப "இன்னாடா இந்தப் பக்கம்" னு கேட்டதுக்கு "சும்மா விசாரணையாம் அக்கா, பத்து நிமிஷத்துல வந்துடுவேன்" னு சிரிச்சிக்கினே சொன்னானாம். மாஜிஸ்ட்ரேட்டாண்ட இத அப்படியே சொன்னீங்க, அவரும் உங்க வார்த்தைய மாத்தாம அப்படியே எழுதிக்கினாரு. தம்பி கடைசியா சிரிச்சத பாத்தது நீங்கதான்.

எங்க தெரு பீடி சுத்துற அக்காங்க, உங்க வாரக்கூலில ஆளுக்கு இருபதோ முப்பதோ எடுத்து வெச்சீங்க. கேஸ அந்த ஸ்டேஷன் கையிலேந்து மாத்தணும்னு ஹைகோர்ட்டுக்கு நானும் நைனாவும் காட்பாடிலேந்து ஏலகிரி எக்ஸ்பிரஸ் புடிச்சி 14 தடவ சென்னைக்குப் போனது அந்த காசுல. எங்க வூட்ல 16 நாளு அடுப்பு பத்த வெக்கவே வுடல நீங்க.

ஒண்ணு மனசுல இருக்கறத சொல்லணும். சிபிசிஐடி நல்லா விசாரிச்சாங்க, நன்றி, ஆனா அவங்களும் போலீஸ்தான். நம்ம மாநிலத்துல 2013ல போட்ட சட்டத்துல போலீஸ் மேல புகார் விசாரிக்க ஒரு ஆணையம் இருக்கு, அதுக்கு தலைவரு உள்துறை செயலாளரு, உறுப்பினரு டிஜிபி. மாவட்டத்துல கலெக்டரும் எஸ்பியும். யார் மேல புகாரோ அவங்க மேலதிகாரியாண்டயே போய் நிக்கணும். இங்கிலாந்துல இதுக்குன்னு தனி அமைப்பு வெச்சிருக்காங்களாம், அதோட தலைவரா போலீஸ்ல வேல பாத்தவங்க யாரும் வரவே முடியாதுன்னு சட்டத்துலயே இருக்காம், அக்கா சொன்னாங்க. அது மாதிரி ஒண்ணு நமக்கும் வேணும்னு நான் கேக்காம யாரு கேக்கறது. சாத்தான்குளத்துல ஸ்டேஷனுக்குள்ள இருந்தே ரேவதின்னு ஒரு தலைமைக் காவலர் நடந்தத சொன்னாங்க. எங்க ஸ்டேஷன்லயும் அன்னிக்கு ராத்திரி டூட்டில இருந்தவங்களுக்கு எல்லாம் தெரியும். அவங்கள்ல யாராவது இத படிச்சா, எங்கம்மா இன்னும் உங்களுக்காக காத்துக்கினு இருக்காங்க.

தம்பிய நாங்க நாலாவது நாள்தான் அடக்கம் பண்ணோம், பாலாத்து ஓரமா. எக்ஸ்ரே, வீடியோ, ரிப்போர்ட் எல்லாம் கைக்கு வந்த பின்னாடிதான். அந்த நாலு நாளும் வேலைக்குப் போகாம மார்ச்சுவரி வேப்பமரத்தடில உக்காந்திருந்த தறிக்காரப் பசங்க அத்தன பேருக்கும் என் கும்புடு.

பாய், பென்டிரைவ் காசு 350 ரூபாய நீங்க இன்னும் வாங்கல, அம்மா முடிஞ்சி வெச்சிருக்காங்க, இந்த தடவ வாங்கிக்கணும். அடுத்த வாய்தா செவ்வாய்க்கிழமை. பூக்கார அக்கா, மொத சாட்சி உங்களதான் கூப்புடுவாங்கன்னு வக்கீல் அக்கா சொன்னாங்க. நீங்க ஒண்டியா பஸ் ஏறாதீங்க, காலைல எட்டு மணிக்கு நானும் நைனாவும் ஆட்டோ எடுத்துக்கினு உங்க வூட்டாண்ட வந்துடறோம்.