மார்கழி இசை நடை: சேகருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும், சென்னையில் நீ நடத்தப்போகும் இசை நடைக்கான வழிப் பட்டியலும் கிடைத்தன. ஒரே காலையில் ஜார்ஜ் டவுன், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், கடைசியில் மியூசிக் அகாடமி என்று 14 இடம் போட்டிருக்கிறாய். இது நடை இல்லையப்பா, வேன் சுற்றுலா. இரண்டாக வெட்டு. மயிலாப்பூர் ஒரு நாள், ஜார்ஜ் டவுன் ஒரு நாள். திருவல்லிக்கேணியை விட்டுவிடு. 1900-இல் தொடங்கிய பார்த்தசாரதி சுவாமி சபாவைப் பற்றிப் பேச்சு வாக்கில் சொன்னால் போதும்.

இன்னொன்று. பட்டியலில் பாதி 'இந்த வீட்டில் இன்னார் இருந்தார்' வகை. மூன்றாவது வீட்டிலேயே ஜனம் செல்போனை எடுத்துவிடும். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு நிஜமாகவே பாட்டும் வாத்தியமும் காதில் விழும் என்று பார்த்து வழியைப் போடு. வீடும் கல்வெட்டும் அந்த வழியில் வந்தால் வரட்டும்.

மயிலாப்பூரை மார்கழி விடியலில் வைத்துக்கொள். 5.30-க்குக் கபாலீசுவரர் கோயில் கிழக்குக் கோபுரத்தடியில் கூட வேண்டுமென்றால் எல்லோரிடமும் 5.15 என்று சொல். மாடவீதிகளில் பஜனை கோஷ்டி வரும். பாபநாசம் சிவன் (1890–1973) இந்த நாலு வீதியையும் மார்கழியில் பாடிக்கொண்டே சுற்றியவர். 'காணக் கண் கோடி வேண்டும்' என்று காம்போதி ராகத்தில் அவர் பாடியது இதே கபாலியின் பவனியைத்தான். இதையெல்லாம் கோஷ்டி வருவதற்கு முன்பே சொல்லி முடித்துவிடு. வந்த பிறகு வாயைத் திறக்காதே. இடுப்பில் மாட்டும் ஒலிபெருக்கியை வீட்டிலேயே வைத்துவிட்டு வா. கோஷ்டிக்குப் பத்தடி பின்னால் நடங்கள், முன்னால் ஓடிப்போய்ப் படம் எடுப்பது வேண்டாம். வாசலெல்லாம் ஈரக் கோலம் இருக்கும். 12 பேருக்கு மேல் சேர்ந்தால் யாராவது ஒருவர் மிதித்தே தீருவார், வீட்டுக்காரர்களின் முகமும் மாறிவிடும். ஆள் எண்ணிக்கைக்கு அதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

பூஜை நேரத்தை முதல் நாளே கோயிலில் கேட்டுக்கொள், மார்கழியில் மாறும். நாகஸ்வரம் வாசிக்கிறவரிடமிருந்து ஒரு 15 அடி தள்ளி நிற்கட்டும். கல் மண்டபத்துக்குள் தவில் ஓசை காதை அடைத்துவிடும். முதலில் பார்க்கச் சொல்ல வேண்டியது வாத்தியத்திலிருந்து நூலில் தொங்கும் உபரிச் சீவாளிகளை, அதாவது வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டுகளை. வாயில் வைத்து ஈரமாக்கி, ஊதிப் பார்த்து, சரிவராவிட்டால் அடுத்ததை மாட்டுவார். தவில்காரரின் வலது கை விரல்களில் கூடு, இடது கையில் குச்சி. சுவாமி புறப்பாடு இருக்கும் நாளாக அமைந்தால், அதற்கென்றே நாகஸ்வரத்தில் வாசிக்கும் மல்லாரி கேட்கலாம். பெரும்பாலும் கம்பீர நாட்டை ராகம், பாட்டு வரிகள் கிடையாது. தேருக்கு ஒன்று, தளிகைக்கு ஒன்று, தீர்த்தத்துக்கு ஒன்று என்று மல்லாரியே பல வகை. அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று வீதியில் நிற்பவருக்குக் காதாலேயே தெரியும். பங்குனியில் வரும் அறுபத்து மூவர் திருவிழா அன்று குழுவை அழைத்துப் போகும் யோசனையை மட்டும் கைவிடு. அந்தக் கூட்டத்தில் ஒருவரை ஒருவர் தேடவே நேரம் போய்விடும்.

அங்கிருந்து லஸ், நாகேஸ்வர ராவ் பூங்கா. உட்கார இடமிருக்கிறது, ஆதி தாளத்தை இங்கே சொல்லிக் கொடு. ஒரு தட்டு, பிறகு சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல் எண்ணிக்கை. அப்புறம் தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. மொத்தம் எட்டு. ஐந்து நிமிஷத்தில் கைக்கு வந்துவிடும். சிக்கல் எப்போதும் ஒரே இடத்தில்தான்: நடு விரலோடு நிறுத்தாமல் ஆள்காட்டி விரலையும் எண்ணிவிடுவார்கள், தாளம் ஒன்பதாகிவிடும். இதைக் கற்றுக்கொள்ளாதவருக்குக் கச்சேரியில் மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் வெறும் சத்தம்தான், எழுந்து கேன்டீனுக்குப் போய்விடுவார்.

பிறகு முசிறி சுப்ரமணியம் சாலை. பழைய ஆலிவர் ரோடு இப்போது ஒரு வித்வானின் பெயரில் இருக்கிறது. மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப்பும் இதே சாலையில்தான். டி.டி.கே. சாலை வழியாக 7.45-க்குள் அகாடமி வாசலுக்கு வந்துவிட வேண்டும். கோயிலிலிருந்து இரண்டு, இரண்டரை கிலோமீட்டர் இருக்கும். டிசம்பர் 15 முதல் ஜனவரி 1 வரைதான் அங்கே விழா, எனவே தேதியை அதற்குள் வை. காலை எட்டு மணி வாக்கில் லெக்-டெம் இருக்கும், பாடியும் வாசித்தும் காட்டும் விளக்கவுரை. நடையை அங்கே முடித்தால், தெருவில் கேட்டதற்கும் மேடையில் பேசுவதற்கும் முடிச்சு விழும். இடையில் எழுந்து போக வேண்டியவர்கள் ஓர வரிசையில் உட்காரட்டும்.

மிருதங்கம் செய்பவரின் பட்டறையை நீ பட்டியலிலேயே போடவில்லை. என்னைக் கேட்டால் அதுதான் முதலில் வர வேண்டியது. இசை நடைகளில் வித்வான்கள் பெயர் நூறு வரும், பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்த பர்லாந்து பெயர் ஒரு தரம் வராது. ஆனால் டிசம்பரில் போகாதே, அவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத மாதம். அதை ஜூலை, ஆகஸ்டில் தனியாக வை. முன்கூட்டி அனுமதி கேள். பட்டறைக்காரருடைய ஒரு மணி நேரத்துக்குரிய கூலியைக் கொடு, டீ வாங்கிக் கொடுத்ததோடு கணக்கு முடிந்துவிடாது. நாலைந்து பேருக்கு மேல் உள்ளே நிற்க முடியாது.

அங்கே பார்க்க வேண்டியது வலந்தலையின், அதாவது மிருதங்கத்தின் வலப்பக்க முகத்தின், கருப்பு வட்டம். கிட்டான் கல் பொடியும் சோறும் பிசைந்து, துளித் துளியாக வைத்து, கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவது. ஒரு பூச்சு காய்ந்து இறுகாமல் அடுத்ததை வைத்தால் பெயர்ந்து வரும். இடப்பக்க முகமான தொப்பியில் ரவையும் தண்ணீரும் பிசைந்து வாசிக்கும் முன் ஒட்டுவார்கள், முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். பலாக் கட்டையின் மேல் பசு, எருமை, ஆடு என்று மூன்று தோலும் சேர்கின்றன. சிலர் முகம் சுளிப்பார்கள், பூசி மெழுகாமல் சொல்லிவிடு. காற்றில் ஈரம் ஏறினால் தோல் தளர்ந்து சுருதி இறங்கும், ஏ.சி. அரங்கின் வறண்ட காற்றில் ஏறும். மேடையில் கல்லையும் சின்ன மரக்கட்டையையும் வைத்து விளிம்பைத் தட்டிக்கொண்டே இருப்பது அதனால்தான். பட்டறையில் இதைப் பார்த்தவர், கச்சேரியில் அந்த 'டொக் டொக்'கைத் தொந்தரவு என்று நினைக்க மாட்டார்.

ஜார்ஜ் டவுனுக்கு ஞாயிறு காலை ஏழு மணி. மற்ற நாளில் கைவண்டியும் லாரியும் உங்களை நிற்க விடாது. என்.எஸ்.சி. போஸ் சாலை ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்திலிருந்து தொடங்கு. 1927 காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த இசை மாநாட்டில் கருக்கொண்ட அகாடமி, 1928 ஆகஸ்ட் 18 அன்று அந்த அரங்கில்தான் தொடங்கப்பட்டது. டி.டி.கே. சாலைக் கட்டடம் 1962-இல்தான் வந்தது. ஆர்மீனியன் தெருவில் கோகலே ஹாலை வெளியே நின்று காட்டு.

பந்தர் தெருவில் கோவூர் சுந்தரேச முதலியார் வீட்டில் தியாகராஜர் தங்கினார். கோவூர் பஞ்சரத்தினம் என்ற ஐந்து கீர்த்தனைகள் அந்தப் பயணத்தின் பலன். எட்டு நாள் தேவகாந்தாரி ராகம் பாடினார் என்பதைக் கர்ணபரம்பரை என்றே சொல். குழுவில் விஷயம் தெரிந்த மாமா ஒருவர் நிச்சயம் இருப்பார், வசமாகப் பிடித்துக்கொள்வார். ராமகிருஷ்ணா தெருவில் வீணை தனம்மாள் (1867–1938) வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தார். மைக் இல்லை, வாசிப்போ மெல்லிசு. அவருடைய பழைய இசைத்தட்டுப் பதிவை அங்கே செல்போனில் போட்டுக் காட்டாதே, ஒரு ஆட்டோ போனால் வீணை காணாமல் போகும். முதல் நாள் இரவே வாட்ஸ்அப்பில் அனுப்பி, ஹெட்போனில் கேட்டுவிட்டு வரச் சொல். பழைய எண், புது எண் என்று கதவிலக்கம் மாறிய ஊரில் 'இதுதான் அந்த வீடு' என்று கைகாட்டுவதையும் தவிர்.

முடிவிடம் ராஜா அண்ணாமலை மன்றம். மேடையில் தெலுங்கே ஓங்கியிருந்த காலத்தில், தமிழில் பாடுங்கள் என்று 1943-இல் எழுந்த தமிழ் இசைச் சங்கத்தின் வீடு அது. தியாகராஜரின் தெருவைப் பார்த்த கையோடு அங்கே வந்தால் வாக்குவாதம் கிளம்பும். கிளம்பட்டும், அரை மணி ஒதுக்கு.

2017-இல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரமாக அறிவித்ததைத் தொடக்க உரையில் வைத்திருக்கிறாய். வைத்தால் வடசென்னையின் கானாப் பாட்டையும் சொல்லித்தான் ஆக வேண்டும், பட்டம் மயிலாப்பூருக்கு மட்டும் கொடுத்ததில்லை. அதற்கு வடசென்னைக்காரர் ஒருவரே அழைத்துப் போகும் தனி நடை வேண்டும், நீயும் நானும் போய் விளக்கம் சொல்ல முடியாது.

திருத்திய வழியை அனுப்பு. டிசம்பர் மழைக்கு ஒரு மாற்றுத் தேதியும் அதில் எழுது. கோயிலில் செருப்பை விடும் இடமும் திரும்பி வரும் வழியும் ஒன்றாக இருக்கிறதா என்று நடந்து பார்த்துவிடு.

அன்புடன்,
முரளி