சுற்றுலாத் திட்டத்தில் ஒரு வரியை அடித்துவிடுங்கள்: பள்ளித் தாளாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத் தனியார் பள்ளித் தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும் வணக்கம்.

சிங்கப்பூர், துபாய், தாய்லாந்து என்று மாணவர்களை அழைத்துப் போகும் சுற்றுலாத் திட்டங்களில் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ 'டால்பின் ஷோ' என்று ஒரு வரி வந்துவிடுகிறது. கையெழுத்துப் போடும் பெற்றோர் அதைப் பெரிதாகக் கவனிப்பதில்லை. அந்த வரியை எடுத்துவிடுங்கள் என்று கேட்கவே எழுதுகிறோம்.

தொட்டியிலிருந்து தொடங்குவோம். ஓர்கா எனும் கறுப்பு வெள்ளைத் திமிங்கலத்துக்கு (அதுவும் ஓங்கில், அதாவது டால்பின் குடும்பம்தான்) அமெரிக்க விதி கேட்கும் குறைந்தபட்சத் தொட்டி 48 அடி குறுக்களவு, 12 அடி ஆழம். பாலக்கோட்டிலோ ஊத்தங்கரையிலோ ஒரு பாசனக் கிணற்றை எட்டிப் பாருங்கள். இதைவிட ஆழமாகத்தான் இருக்கும். ஓர்காவின் நீளமே 24 அடி என்று அதே விதி கணக்கு வைக்கிறது. அதாவது அந்தத் தொட்டியில் அது தலைகீழாக நின்றால் பாதி உடம்பு தண்ணீருக்கு வெளியே இருக்கும். கடலில் நூற்றுக்கணக்கான அடி மூழ்கி இரை தேடும் உயிர் அது. 2023 பிப்ரவரியில் நம் பாலக்கோடு பக்கம் பிடித்து ஆனைமலைக் காட்டில் விட்ட மக்னா (தந்தமில்லாத ஆண்) யானை சில நாட்களிலேயே கோவை வரை நடந்து போனது நினைவிருக்கும். நடக்கப் பிறந்த உயிருக்கு இடம் என்றால் என்ன என்பதை நம் பிள்ளைகளுக்குத் தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இனி தண்ணீர். மீன் குட்டை வைத்திருப்பவர்களுக்கு அம்மோனியா என்றாலே வயிற்றைக் கலக்கும். 200 கிலோ எடையுள்ள ஓங்கில் நாளொன்றுக்கு 8 முதல் 12 கிலோ மீன் தின்னும்; அதன் கழிவு முழுவதும் அதே தொட்டியில்தான் சேரும். கிருமியைக் கொல்லக் குளோரின் போட்டால், அது சிறுநீரிலுள்ள நைட்ரஜன் கழிவோடு சேர்ந்து குளோரமைன் ஆகிறது. நீச்சல்குளத்தில் கண் எரிவதற்குக் காரணமும் அதுதான். அந்த ஆவி நீர்மட்டத்துக்குச் சற்று மேலேதான் தங்கும். ஓங்கிலின் மூச்சுத்துளை திறப்பதும் சரியாக அங்கேயேதான். குளோரினைக் குறைத்தால் கிருமி பெருகும், கூட்டினால் கண்ணும் தோலும் புண்படும். வடிகட்டியும் ஓசோனும் வைத்து இதை ஓரளவு சமாளிக்கலாம்; மோட்டார் ஒரு நாள் நின்றால் நிலைமை என்ன ஆகும் என்பது மீன் வளர்ப்போருக்குத் தெரியும்.

தீனியிலும் சிக்கல்தான். உறைய வைத்த மீனை உருக்கும்போது நீரும் வைட்டமின்களும் ஓரளவு போய்விடும். கானாங்கெளுத்தி, ஹெர்ரிங் போன்ற மீன்களில் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் நொதி வேறு இருக்கிறது. ஈடுகட்டாவிட்டால் நரம்புக் கோளாறு வரும் என்பதால், கிலோ மீனுக்கு 25 முதல் 35 மில்லிகிராம் தயமின் (வைட்டமின் பி1) மாத்திரையை மீனின் செவுளுக்குள் செருகிக் கொடுப்பார்கள். ஓங்கில்கள் கடல்நீரைக் குடித்துத் தாகம் தீர்ப்பதில்லை, மீனிலுள்ள நீரையே நம்பியிருக்கின்றன. அதனால் சில இடங்களில் குழாய் செருகி வயிற்றுக்கு நன்னீர் ஏற்றுகிறார்கள். மேடையில் குட்டிக்கரணத்துக்குக் கிடைக்கும் மீனும் பரிசு ஒன்றுமில்லை, அன்றைய படியில் பிடித்து வைத்த பங்குதான்.

பற்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவிலும் ஸ்பெயினிலும் தொட்டிகளில் இருந்த 29 ஓர்காக்களை ஆராய்ந்து 2017இல் ஓர் ஆய்வு வெளியானது. பல் சேதம் இல்லாத ஓர்கா அதில் ஒன்றுகூட இல்லை. சலிப்பில் சிமெண்டுச் சுவரையும் இரும்புக் கதவையும் கடிப்பதால் பல் உடைகிறது. உடைந்த பல்லைத் துளையிட்டு உட்கூழை எடுத்தபின், அந்த ஓட்டையை அடைக்காமல் தினமும் கழுவிவிடுகிறார்கள். மாட்டுக்கு இப்படி ஒரு வைத்தியம் செய்தால் ஊரே திரண்டு கேட்கும்.

டோகிடே என்ற பெண் ஓர்கா 1970இல் வாஷிங்டன் மாநிலக் கடலில் பிடிபட்டது. மியாமியில் ஒரே தொட்டியில் இருந்து 2023 ஆகஸ்டில் இறந்தது. உடனிருந்த ஆண் 1980இல் இறந்த பிறகு இன்னோர் ஓர்காவை அது பார்க்கவே இல்லை.

நம் நாட்டிலும் இது நடந்திருக்கிறது. 1990களில் பல்கேரியாவிலிருந்து சென்னைக்குக் கொண்டுவந்த ஓங்கில்கள் ஆறு மாதத்துக்குள் செத்துப்போயின. 2013 மே மாதம் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம், ஓங்கில் காட்சியகங்களுக்கு இந்தியாவில் இடமில்லை என்று சுற்றறிக்கை விட்டது. கனடா 2019இல் சட்டம் போட்டே, புதிதாக அடைத்து வைப்பதை நிறுத்தியது. இங்கே அனுமதிக்காத ஒன்றை விமானம் ஏறிப் போய்ப் பார்ப்பது எப்படிக் கல்விச் சுற்றுலாவாகும்?

நம்ம ஊரில் எருது விடுகிறோமே என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்வியும் நியாயமானதுதான். எருது விடும் விழாவில் காயம் படும் மாட்டைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். ஆனால் அந்த மாடு மாலையில் தன் கொட்டகைக்குத் திரும்புகிறது.

திமிங்கலத்தின் அளவைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டுமானால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் அதன் எலும்புக்கூடு இருக்கிறது. மொரப்பூரில் ரயில் ஏறினால் போதும்.

பயண முகவரிடம் வாயால் சொல்லி விட்டுவிடாதீர்கள். "டால்பின் பூல்" என்று வேறு பெயரில் கடைசி நாளில் நுழைத்துவிடுவார்கள். ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்: "ஓங்கில், திமிங்கலம், கடல் சிங்கம் ஆகியவற்றின் காட்சிகளும் அவற்றோடு நீந்துதல், படம் எடுத்தல் ஆகியவையும் பயணத்தில் இடம்பெறா. இடம்பெற்றால் அதற்கான கட்டணத்தை மாணவர்களுக்குத் திருப்பித் தர முகவர் பொறுப்பு."

இப்படிக்கு,
இரு மாவட்டங்களிலும் கால்நடை மருத்துவம், மீன் வளர்ப்புப் பணிகளில் உள்ள சிலர்