வளாகப் பொதுக் கணினி மையம்: பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

எடுத்த பணி முடிந்தது. மேசைக்கடியிலும் ஆய்வகத்தின் மூலையிலும் துறைக்கொன்றாக ஓடிக்கொண்டிருந்த சர்வர்கள் எல்லாம் இப்போது நூலகத்தின் பின்கட்டில் ஒரே அறைக்கு வந்துவிட்டன. தணிக்கை முடிந்த வரவு செலவுக் கணக்கு அலுவலகத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

கட்டடத்துக்குக் கட்டடம் ஓடிய பழைய செப்புக் கேபிள்களை முழுவதும் எடுத்துவிட்டோம். செப்பில் ஈதர்நெட் (கணினிகளைக் கம்பியால் இணைக்கும் முறை) 100 மீட்டருக்கு மேல் தாங்காது. அதைவிடப் பெரிய தொல்லை இடி. ஐப்பசி மழையில் ஒரு மின்னல் வெட்டினால் இரண்டு முனையிலும் நெட்வொர்க் ஸ்விட்சுகள் கருகிப்போவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதற்குப் பதிலாகப் போட்ட ஃபைபர் என்பது கண்ணாடி இழை, மின்சாரத்தைக் கடத்தாது. மேலுறையிலும் உலோகம் இல்லாத ரகமாகப் பார்த்து வாங்கினோம். சிங்கிள் மோட் (ஒளி ஒரே பாதையில் செல்லும் மெல்லிய இழை) என்பதால், நாளைக்கு வேகம் கூட்ட முனையில் ஒளியை அனுப்பிப் பெறும் மாட்யூலை மாற்றினால் போதும், மறுபடி மண்ணைத் தோண்ட வேண்டாம்.

ஃபைபரை வளையமாகப் போட்டதில் செலவு கூடியது. குழுவுக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தது. ஆனால் பணி நடக்கும்போதே, தண்ணீர்க் குழாய்க்குப் பள்ளம் எடுத்த ஜேசிபி ஒரு பக்கத்தை அறுத்துவிட்டது. மறுபக்கமாக எல்லாம் ஓடியது. அறுந்ததே பலருக்குத் தெரியாது.

அதிக நேரம் பிடித்தது, ஜிபியுக்களை (பெரிய கணக்கீடுகளை வேகமாகச் செய்யும் சில்லுகள்) பொதுவில் சேர்ப்பது பற்றித் துறையினரோடு நடந்த பேச்சுவார்த்தைதான். "என் ஆய்வுத் திட்டப் பணத்தில் வாங்கிய ஜிபியுவை நான் ஏன் பொதுவில் விட வேண்டும்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பல மாலைகள் உட்கார்ந்து பேசியபின் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். வாங்கியவருக்கே முதல் உரிமை. சும்மா கிடக்கும் நேரம் எல்லோருக்கும். ஸ்லர்ம் மென்பொருள் இந்த வரிசையைப் பார்த்துக்கொள்கிறது. உரிமையாளரின் வேலை வந்தால் மற்றவர் வேலை நின்று மீண்டும் வரிசைக்குப் போகும். அதனால் நீண்ட கணக்கீடுகளை அவ்வப்போது சேமித்துக்கொள்ளுங்கள். அண்மையில் நிறைய ஓட்டியவருக்கு முன்னுரிமை தானாகக் குறையும். சொந்தமாக ஒரு ஜிபியுகூட இல்லாத தமிழ்த் துறையின் ஆய்வு மாணவர்கள் இப்போது இரவு நேரங்களில் ஓலைச்சுவடிப் படங்களைக் கொண்டு எழுத்துணரியை (படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) பழக்குகிறார்கள். இந்தப் பணியில் எங்களுக்கு அதிக நிறைவு தந்தது இதுதான்.

அப்புறம் காப்பு நகல். ரெய்டு (ஒரு வட்டு பழுதானாலும் தரவு போகாதபடி பல வட்டுகளில் வைக்கும் முறை) இருக்கிறதே என்று நம்பி இருந்துவிட்டோம். வட்டு பழுதானால் ரெய்டு காப்பாற்றும். கை தவறி அழித்த கோப்பை மீட்டுத் தராது. அப்படித்தான் ஒரு மாணவரின் இரண்டாண்டு உழைப்பு போனது. இனி மூன்று நகல்கள், அவற்றில் ஒன்று வேறு கட்டடத்தில். மாதம் ஒருமுறை சில கோப்புகளை மீட்டெடுத்துச் சரிபார்க்கிறோம்.

வைஃபைக்கு எஜுரோம் (பல்கலைக்கழகங்கள் பகிர்ந்துகொள்ளும் வைஃபை சேவை) வந்துவிட்டது. நம் வளாகக் கணக்கும் கடவுச்சொல்லுமே, அதில் சேர்ந்துள்ள மற்றப் பல்கலைக்கழகங்களிலும் செல்லும்.

பழைய துறை சர்வர்கள் இந்தப் பருவம் முடியும்வரை கோப்புகளைப் படிக்க மட்டும் (மாற்ற முடியாது) திறந்திருக்கும். அதற்குள் உங்கள் கோப்புகள் எல்லாம் வந்து சேர்ந்தனவா என்று பார்த்துவிடுங்கள். பிறகு வட்டுகளை அழித்து மின்கழிவுக்கு அனுப்பிவிடுவோம்.