கூப்பிடுகிற முறையில்தான் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பார்வையாளரை மேடைக்கு அழைத்து நடத்தும் நகைச்சுவை நாடகங்களைக் கண்டித்து சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். காதல், டேட்டிங் என்று சொல்லிக்கொண்டு கூச்ச சுபாவம் உள்ள ஒருவரைப் பிடித்து ஊர் சிரிக்க வைப்பதில் என்ன கலை என்று கட்டுரையாளர் கேட்டிருந்தார். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. நம்முடைய திருமண வரவேற்புகளில் மைக் பிடித்தவர், "யார் முதலில் சொன்னது?" என்று மாப்பிள்ளையையும் பெண்ணையும் விடாமல் துருவுவதைப் பார்க்க எனக்கும் பிடிக்காது. ஆனால் எல்லாவற்றையும் அந்தக் கணக்கில் சேர்த்தது நியாயமில்லை.

இங்கே கனடாவில் ரெபெக்கா நோர்தன் உருவாக்கிய ‘பிளைண்ட் டேட்’ (முன்பின் தெரியாதவரோடு டேட்டிங்) நாடகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2007இல் ரொறன்ரோவில் பத்து நிமிடக் காட்சியாகத் தொடங்கி முழு நாடகமாக வளர்ந்தது அது. மிமி என்ற பிரெஞ்சுப் பெண் உணவகத்தில் காத்திருக்கிறாள். வர வேண்டியவன் வரவில்லை. பார்வையாளர்களில் ஒருவரைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைக்கிறாள். அதன் பிறகு நாடகம் முழுக்க அந்த இருவருடையதுதான். வந்தவருக்கு வசனமும் கிடையாது, ஒத்திகையும் கிடையாது.

இதில் கவனிக்க வேண்டியது, கோமாளியின் சிவப்பு மூக்கு மிமியின் முகத்தில் இருக்கிறது. அசடு வழியும் பொறுப்பை நடிகையே எடுத்துக்கொள்கிறார். வந்தவர் தானாக இருந்தால் போதும். நாடகம் தொடங்குமுன்பே வரவேற்புக் கூடத்தில் நின்று வருகிறவர்களிடம் பேசி, யாருக்கு இதில் விருப்பம் இருக்கும் என்று பார்த்துக்கொள்கிறார்கள். மேடையில் சங்கடமாகிவிட்டால் நாடகத்தை நிறுத்திவிட்டு ஓரமாகப் போகவும் வழி உண்டு. அங்கே நடிகை வேடத்தை விட்டு, சாதாரண மனுஷியாக அவரிடம் பேசுகிறார். சரி என்றால்தான் மறுபடி கதைக்குள் போவார்கள்.

நான் பார்த்த அன்று வந்தவர் கையை எங்கே வைப்பது என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அவருடைய தயக்கமே கதையாகிவிட்டது. ஒருவரைப் பிடித்துப்போய் அதைச் சொல்ல முடியாமல் தவிக்கும் அந்தத் தவிப்பை எழுதி நடித்திருந்தால் இவ்வளவு உண்மையாக வந்திருக்காது. அரங்கில் இருந்த எல்லோரும் அவர் பக்கம்தான் இருந்தோம்.

இது தற்செயலாக வந்ததில்லை. நோர்தன் பயின்ற கல்கரியின் லூஸ் மூஸ் நாடகக் குழுவை 1977இல் தொடங்கியவர்களில் ஒருவர் கீத் ஜான்ஸ்டன். உன்னோடு நடிப்பவர் மேடையில் சிறப்பாகத் தோன்றும்படி நடி என்பது அவர் விடாமல் கற்றுக்கொடுத்த பாடம்.

இப்படிப்பட்ட நாடகங்கள் நிறைய வரும் ‘ஃப்ரிஞ்ச்’ என்ற நாடக விழாக்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எட்மன்டனில் 1982இலும் ரொறன்ரோவில் 1989இலும் தொடங்கிய இந்த விழாக்களில் நாடகங்களைக் குலுக்கல் முறையில்தான் எடுக்கிறார்கள். யாரும் பிரதியைப் படித்துப் பார்த்து வெட்டுவதில்லை. டேட்டிங் பற்றிய நகைச்சுவைகள் அங்கே நிறைய வருவதற்கு இந்தச் சுதந்திரமும் சின்ன அரங்கும் முக்கியக் காரணங்கள் என்று நினைக்கிறேன். ஆனால் தடுக்க யாரும் இல்லாதபோது, மேடைக்கு வருபவரைக் காப்பது முழுக்க நடிகரின் கையில்தான் இருக்கிறது. அதனால் விமர்சனம் எழுதுபவர்கள் எத்தனை சிரிப்பு வந்தது என்பதோடு நிறுத்தக் கூடாது. அவரை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், மாட்டேன் என்று சொல்ல இடம் இருந்ததா, பாதியில் இறங்க முடிந்ததா என்றும் எழுத வேண்டும். உங்கள் கட்டுரையில் இவை எதுவும் இல்லை.

நம் பிள்ளைகளும் குலுக்கலுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது என் ஆசை. வீட்டில் ஒரு முகமும் டேட்டிங் ஆப்பில் ஒரு முகமுமாக வாழ்வதைப் பற்றி அவர்களிடம் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். நம்முடைய அரங்கில் பக்கத்து இருக்கையில் சித்தப்பா இருப்பார், பின்னால் அம்மாவின் தோழி இருப்பார். எல்லோர் முன்னாலும் கேட்டால் மறுக்க முடியாது. வாசலிலேயே, தனியாக, மெதுவாகக் கேட்டுவிடுங்கள்.

அடுத்த ஜூலையில் ரொறன்ரோ ஃப்ரிஞ்சுக்கு நீங்கள் ஒரு நிருபரை அனுப்பினால், நானும் கூட வந்து பார்க்கத் தயார்.

அன்புடன்,
ஒரு வாசகி,
ஸ்காபரோ