ரோசா பார்க்ஸுக்கு முன்பே ஒரு மாணவி

ஆசிரியருக்கு வணக்கம்.

பேருந்துகளில் இனப்பிரிவினையை எதிர்த்து அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில் கறுப்பின மக்கள் நடத்திய பேருந்துப் புறக்கணிப்பு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையில் ரோசா பார்க்ஸும் மார்ட்டின் லூதர் கிங்கும் மட்டுமே வருகிறார்கள். வரலாறு கற்பித்தவள் என்ற முறையில் எனக்கு இது வருத்தம்.

1955 மார்ச் 2 அன்றே கிளாடெட் கோல்வின் என்ற 15 வயது கறுப்பின மாணவி அந்நகரப் பேருந்தில் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதானார். அதே போல் எழ மறுத்த ரோசா பார்க்ஸ் கைதானது டிசம்பர் 1-ல்தான். அன்றிரவே பேராசிரியை ஜோ ஆன் ராபின்சன் தன் கல்லூரியின் நகலெடுக்கும் இயந்திரத்தில் பேருந்துகளைப் புறக்கணிக்க அழைக்கும் துண்டறிக்கைகளை ஆயிரக்கணக்கில் அச்சடித்தார். அது அரசுக் கல்லூரி. தெரிந்தால் வேலைக்கே ஆபத்து. எவ்வளவு துணிச்சல்!

அப்புறம் 381 நாட்கள் புறக்கணிப்பு. வீட்டு வேலைக்குப் போன கறுப்பினப் பெண்கள் எத்தனையோ பேர் நடந்தே போனார்கள். பேருந்தில் இனப்பிரிவினை செல்லாது என்று 1956-ல் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்ற வழக்கில் மனுதாரர்கள் நான்கு பெண்கள்: ஆரேலியா பிரவுடர், சூசி மெக்டொனால்ட், மேரி லூயிஸ் ஸ்மித், கிளாடெட். ரோசா பார்க்ஸ் அந்த வழக்கில் இல்லை.

இந்தப் பெயர்களையும் உங்கள் பக்கங்களில் அச்சில் பார்க்க விரும்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை