லாக்கருக்கு எவ்வளவு டெபாசிட்?

ஆசிரியருக்கு,

லாக்கர் கேட்டு வங்கிக்குப் போனேன். "பெரிய டெபாசிட்டா போடுங்க, அப்புறம் பார்க்கலாம்" என்றார் அதிகாரி. ரிசர்வ் வங்கியின் 2021 ஆகஸ்ட் விதிப்படி, 3 ஆண்டு வாடகைக்கும் லாக்கரை உடைத்துத் திறக்கும் செலவுக்கும் ஈடான டெபாசிட்தான் கேட்கலாம். காலி இல்லையென்றால் காத்திருப்போர் பட்டியல் எண் தர வேண்டும். இதைச் சொன்னதும் இழுப்பறையிலிருந்து பழைய நோட்டை எடுத்து, பென்சிலால் என் பெயரை எழுதிக்கொண்டார். எண் மட்டும் வரவில்லை.

இன்னொன்று: தீ, திருட்டு, ஊழியர் மோசடி என்றால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்குதான், உள்ளே எவ்வளவு நகை இருந்தாலும் சரி. கையெழுத்து வாங்கும்போது இதை யார் சொல்கிறார்கள்? கிளைச் சுவரில் தமிழில் எழுதி ஒட்டினால் என்ன?

- ஒரு வாடிக்கையாளர்