கஷிமியெஷ் டோல்னியில் எனக்காக ஒரு கல்லை வாசித்தவர்களுக்கு

போலந்தில் விஸ்துலா ஆற்றங்கரையில் இருக்கும் கஷிமியெஷ் டோல்னி என்ற சிற்றூருக்கு, சென்ற அக்டோபரில் ஒரு மழை நாளில் போயிருந்தேன். அன்று எனக்குத் துணை நின்ற நால்வருக்கு இந்த மடல். உங்களில் யாருக்கும் தமிழ் தெரியாது. எனக்கோ போலிஷ் மொழியில் 'ஜென்குயெ' என்ற ஒரே சொல்தான் நன்றி சொல்ல வாய்த்தது. அதைப் பத்து முறை சொல்லியும் மனம் ஆறவில்லை. அதனால் என் மொழியில், எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

புவாவியிலிருந்து வந்த பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருந்த அம்மா, நான் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு சந்தைச் சதுக்கம் வரை கூடவே வந்து, பழைய யூதத் தொழுகைக்கூடத்தைக் காட்டிவிட்டுப் போனார். அவருக்கு அது அவருடைய வழியே இல்லை.

தொழுகைக்கூடத்துப் புத்தகக் கடையில் இருந்த சகோதரிக்கு அடுத்த நன்றி. 18ஆம் நூற்றாண்டில் கட்டிய அந்தக் கட்டடம் இரண்டாம் உலகப் போரில் சிதைந்ததையும், 1953இல் அதைத் திருப்பிக் கட்டியபோது திரையரங்காக மாற்றியதையும் நீங்கள் சொல்லித்தான் அறிந்தேன். போருக்கு முன் ஊரில் ஏறக்குறைய பாதிப்பேர் யூதர்கள். தொழ வருவதற்கு ஆள் மிஞ்சாத ஊரில் அங்கே படம் ஓடியது. நான் நனைந்திருப்பதைப் பார்த்து உங்கள் குடையை என் கையில் திணித்தீர்கள். என் பெயரைக்கூட நீங்கள் கேட்கவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா, உங்களிடம் நான் பட்ட கடன் பெரியது. செர்னியாவி என்ற இடத்திலுள்ள யூதக் கல்லறைத் தோட்டத்துக்கு எப்படிப் போவது என்றுதான் கேட்டேன். நீங்களோ கைத்தடியுடன் அந்த இரண்டு கிலோமீட்டரும் என்னோடு நடந்தீர்கள். நாஜிகள் அந்தத் தோட்டத்துக் கல்லறைக் கற்களைப் பிடுங்கி, தங்கள் ரகசியப் போலீசான கெஸ்டபோவின் தலைமையகமாக வைத்திருந்த கிறிஸ்தவ மடத்தின் முற்றத்தில் நடைபாதைக்குப் பதித்ததைச் சொன்னபோது, நீங்கள் நடையை நிறுத்திவிட்டீர்கள். இறந்தவர்களின் பெயர்கள் மீது பூட்ஸ் கால்கள் நடந்திருக்கின்றன. பின்னாளில் அந்த உடைந்த துண்டுகளைச் சேகரித்து, ததேயுஷ் அவுகுஸ்டினெக் என்ற கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில் 1984இல் ஒரு சுவராக எழுப்பினார்கள்.

மேலிருந்து கீழ்வரை கோணல்மாணலாகப் பிளந்து நிற்கிறது அந்தச் சுவர். பிளவின் வழியே பின்னால் காட்டு மரங்கள் தெரிகின்றன. நான் வாங்கிப் போயிருந்த பூக்களை அதன் அடியில் வைக்கக் குனிந்தேன். நீங்கள் மெல்ல என் முழங்கையைத் தொட்டு, தரையிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்துக் கொடுத்தீர்கள். யூதர்கள் கல்லறையில் கல்தான் வைப்பார்கள் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. கடிந்துகொள்ளாமல் கற்றுக்கொடுத்தீர்கள். நீங்கள் எத்தனை நல்ல ஆசிரியராக இருந்திருப்பீர்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

கடைசியாக, அங்கே ஹீப்ரு எழுத்துகளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்த மாணவரே. ஆசீர்வதிக்கும் இரு கைகள் செதுக்கியிருந்தால் குருமார் வழியில் வந்த ஆண், மெழுகுவர்த்தி இருந்தால் பெண் என்று காட்டித் தந்தீர்கள். அதற்கு முன் நான் பார்த்தது அழகான கற்களை. பிறகு பார்த்தது மனிதர்களை. முழங்கால் உயரத்தில் இருந்த ஒரு துண்டை வாசித்துச் சொல்லும்படி கேட்டேன். பெயர் இருந்த பகுதி உடைந்து போயிருந்தது. தந்தையின் பெயரும் போய்விட்டது. நடுவில் 'மகள்' என்ற சொல் மட்டும் மிஞ்சியிருந்தது. அதை முதலில் ஹீப்ருவில் சொன்னீர்கள், பிறகு போலிஷில், பிறகு ஆங்கிலத்தில். நான் தமிழில் சொன்னேன். யாருடைய மகள் என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

அவள் போருக்கு முன்பே இறந்தவள், அதனால்தான் அவளுக்கு ஒரு கல்லாவது கிடைத்தது என்று ஆசிரியர் ஐயா சொன்னார். அவளுடைய பேரப்பிள்ளைகளின் காலத்தவரை 1942 மார்ச்சில் நாஜிகள் ஊரைவிட்டு ஓபோலே லுபெல்ஸ்கி என்ற ஊருக்கு விரட்டினார்கள். அங்கிருந்து பெவ்ஜெட்ஸ், சோபிபோர் கொலை முகாம்களுக்கு ரயிலேற்றினார்கள். அவர்களில் ஒருவருக்கும் தனிக் கல்லறை இல்லை. இதைக் கேட்டபின் நாங்கள் மூவரும் வெகுநேரம் பேசவில்லை. மழை கற்களிலிருந்த எழுத்துகளைக் கருமையாக்கிக் காட்டியது.

எனக்கு அங்கே யாரும் உறவில்லை. ஏன் வந்தாய் என்று நீங்கள் ஒருவரும் கேட்கவுமில்லை. அதற்காகவே தனியாக ஒரு நன்றி.

சகோதரி, மாலையில் நான் திரும்பியபோது கடை மூடியிருந்தது. உங்கள் குடை என்னிடம் வார்சாவில் பத்திரமாக இருக்கிறது. வசந்தத்தில் கொண்டுவருகிறேன். ஐயா, அந்த நடைக்கு நீங்களும் வர வேண்டும். இந்த முறை கூழாங்கல் நான் கொண்டுவருவேன்.

அன்புடனும் வணக்கத்துடனும்,
வார்சாவில் வேலைபார்க்கும் ஒரு தமிழ்ப் பெண்